கிளார்க் கீக்குப் பெயர் கொடுத்த கிளார்க்: ராணுவப் பொறியாளர் எப்படி ஆளுநர் ஆனார்?

செம்பவாங்_வாசகி

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் சிங்கப்பூர் ஆற்றங்கரைப் பெயர்களைப் பற்றி அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கெவனா பாலமும் கேனிங் கோட்டையும் ஓரளவு தயார். கிளார்க் கீக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

ஆண்ட்ரூ கிளார்க், 1873 முதல் 1875 வரை நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) ஆளுநர், பேராக்கின் அரியணைச் சண்டையில் தலையிட்டு 1874 ஜனவரி 20 அன்று பங்கோர் ஒப்பந்தம் செய்தவர். ராயல் எஞ்சினியர்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் படைப்பிரிவின் அதிகாரி. கையில் இருப்பது இவ்வளவுதான். கோட்டையும் கப்பல்துறையும் கட்டப் படித்தவருக்கு ஒரு நாட்டு அரசுரிமைச் சண்டையில் என்ன வேலை? சிலர் அவரை ரத்தக்களரியை நிறுத்தியவர் என்கிறார்கள். என் பேராக் தோழிகள் மலாய் நாடுகளுக்குள் வெள்ளைக்காரனுக்குக் கதவு திறந்துவிட்டவர் என்கிறார்கள். நம் ஆட்களோடு அவருக்குத் தொடர்பு ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பினாங்குத்தம்பி

அக்கா, ஒரு விஷயத்தைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். 1867 ஏப்ரல் 1 அன்று நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசிடமிருந்து பிரிந்து லண்டன் குடியேற்ற அமைச்சின் கீழ் போயின. அதற்குப் பிறகு வந்த முதல் மூன்று ஆளுநர்களும் ராயல் எஞ்சினியர்ஸ்தான். முதலில் ஹாரி ஆர்ட், அடுத்து கிளார்க், அவருக்கு அடுத்து வில்லியம் ஜெர்வாய்ஸ். சிங்கப்பூரில் ஜெர்வாய்ஸ் சாலை இருக்கிறதே, அவர்தான்.

காரணம் பெரிய மர்மம் இல்லை. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம், 1871 வரை அப்படித்தான். பொறியாளர் படையிலும் பீரங்கிப் படையிலும் அது நடக்காது. வூலிச் ராணுவக் கல்லூரியில் கணக்கும் வரைபடமும் படித்துத் தேறினால்தான் இடம். சொத்து இல்லாத, படித்த குடும்பத்துப் பையன்கள் அங்கே போனார்கள். ஒரு குடியேற்றத்துக்குச் சாலை, துறைமுகம், நில அளவை, செலவுக்கணக்கு எல்லாம் தெரிந்த ஆள் வேண்டும் என்றால் லண்டனுக்கு அவர்கள்தான் கைக்கு எட்டினார்கள்.

மீதியைத் தைப்பிங்காரர் வந்து சொல்வார். அவருக்கு இது உயிர்.

தைப்பிங்காரன்

தம்பி கூப்பிட்டதால் வந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் பேராக்கில் பொதுப்பணித் துறையில் சாலை, பாலம், கால்வாய் என்று வேலை பார்த்தவன் நான். கிளார்க்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பங்கோரில் தொடங்கி பங்கோரிலேயே முடித்துவிடுகிறார்கள். அவர் அங்கே வந்து இறங்கியபோது வயது 49. அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்த்தால்தான் பங்கோரில் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்பது விளங்கும்.

1824இல் இங்கிலாந்தின் சவுத்சீயில் பிறந்தவர். தந்தையும் படை அதிகாரி, மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநராகப் போனவர். 1844இல் மகன் ராயல் எஞ்சினியர்ஸில் சேர்ந்தார். தந்தை இருக்கும் பக்கமாகப் போகலாம் என்று வேன் டீமன் தீவுக்கு, அதாவது இன்றைய தாஸ்மேனியாவுக்கு, வேலை கேட்டுக் கப்பலேறினார். 1847 தொடக்கத்தில் ஹோபார்ட்டில் இறங்கினார். அடுத்த மாதமே தந்தை பெர்த்தில் இறந்துபோனார்.

ஹோபார்ட்டில் அவருக்கு மேலதிகாரி வில்லியம் டெனிசன், அவரும் ராயல் எஞ்சினியர்ஸ். இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள் மா, இதே டெனிசன்தான் பிறகு 1861 முதல் 1866 வரை நம் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக வந்தவர். எல்கின் பிரபு இறந்தபோது சில வாரங்கள் இந்தியா முழுவதற்குமே பொறுப்பு வைஸ்ராயாக இருந்தார். கிளார்க் அவரிடம் அந்தரங்கச் செயலாளராக இருந்து நிர்வாகம் கற்றுக்கொண்டார். இடையில் நியூசிலாந்து போய்ச் சாலை வேலை பார்த்தார்.

1853இல் விக்டோரியாவின் தலைமை நில அளவையாளர். தங்கம் கிடைத்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். நிலத்தை அளந்து, மனை பிரித்து, ஊர் அமைத்துத் தள்ள வேண்டிய நேரம். அங்கே 1854இல் நகராட்சிச் சட்டம் ஒன்றை அவர் கொண்டுவந்தார். ஊர்க்காரர்கள் தாங்களே தங்கள் நகராட்சி மன்றத்தைத் தேர்ந்தெடுத்து, வரி போட்டு, சாலையும் சாக்கடையும் பார்த்துக்கொள்ளலாம் என்ற சட்டம். பிறகு சட்டமன்றத்துக்கே தேர்தலில் நின்று ஜெயித்து அமைச்சரவையிலும் இருந்தார். உள்ளூர் விஷயத்தை உள்ளூர்க்காரனிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்த மனிதர்தான் இவர். பேராக்குக்கு வரும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

1858இல் இங்கிலாந்து திரும்பினார். 1864 முதல் 1873 வரை கடற்படை அமைச்சின் கட்டுமானத் துறைக்கு இயக்குநர். என் பார்வையில் அவர் வாழ்க்கையின் பெரிய வேலை அதுதான். இரும்புக் கவசக் கப்பல்கள் வந்த காலம். பழைய கப்பல்துறைகளில் அவை நுழையவே முடியாது. போர்ட்ஸ்மத், சாத்தம், மால்டா என்று எல்லா இடத்திலும் பெரிது பண்ண வேண்டியிருந்தது. பெர்முடாவில் நுண்துளை நிறைந்த பாறை, உலர்துறை தோண்டினால் தண்ணீர் நிற்காமல் ஊறும். அதனால் இரும்பிலேயே ஒரு மிதக்கும் துறையைச் செய்து 1869இல் போர்க்கப்பல்களை வைத்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி இழுத்துப் போனார்கள். வாரியர், பிளாக் பிரின்ஸ் ஆகிய இரண்டும் அதில் உண்டு. தரை சரியில்லை என்றால் தரையை நம்பாமல் வேறு வழி பார்க்கிற யோசனை அது. அந்தத் துறைக்குத் தலைவராக இருந்தவர் கையில்தான் 1873இல் சிங்கப்பூரைக் கொடுத்தார்கள்.

நவம்பர் தொடக்கத்தில் வந்து இறங்கினார். லண்டனில் அமைச்சர் கிம்பர்லி பிரபு கொடுத்த உத்தரவு மிகவும் கவனமாக எழுதப்பட்டது. மலாய் நாடுகளின் நிலையை விசாரி, பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரை அங்கே தங்க வைப்பது சரிப்படுமா என்று யோசித்துத் தெரிவி. அவ்வளவுதான். கிளார்க் விசாரித்துத் தெரிவிக்கவில்லை. செய்து முடித்துவிட்டுத் தெரிவித்தார். வந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் பங்கோர் தீவுக்கருகே புளூட்டோ கப்பலில் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது.

அப்போது பேராக்கில் இரண்டு சண்டை ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. ஒன்று, இன்றைய தைப்பிங் இருக்கும் லாருட் பகுதியின் ஈயச் சுரங்கங்களுக்காகக் கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீனக் கூட்டங்கள் 1861 முதல் விட்டுவிட்டு நடத்திய போர். இன்னொன்று அரியணை. 1871இல் சுல்தான் அலி இறந்தபோது முறைப்படி அடுத்தவரான ராஜா முடா அப்துல்லா அடக்கத்துக்கு வரவில்லை. பெருந்தலைவர்கள் இஸ்மாயிலை அரியணையில் ஏற்றினார்கள். அரசச் சின்னங்கள் இஸ்மாயில் கையில். அப்துல்லாவோ சிங்கப்பூர் வணிகர்கள் ரீட், தான் கிம் செங் ஆகியோரின் துணையோடு, என்னைச் சுல்தான் ஆக்கினால் ஒரு பிரிட்டிஷ் அதிகாரியை ஏற்கிறேன் என்று கிளார்க்குக்குக் கடிதம் அனுப்பினார். லாருட் வரி வசூல் குத்தகையைத் தான் கிம் செங்குக்குத் தருவதாக அவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இனி நான் உண்மையிலேயே சொல்ல வந்தது. பங்கோரில் கிளார்க் ஒரே மூச்சில் இரண்டு வேலை செய்தார். ஒன்று நின்றது, இன்னொன்று இடிந்தது.

நின்றது சீனர் பக்கம். பிக்கரிங் என்ற சீன மொழி தெரிந்த அதிகாரியை முன்கூட்டியே பினாங்குக்கு அனுப்பித் தலைவர்களிடம் பேசவைத்தார். சண்டை போட்ட இரண்டு தரப்பின் தலைவர்களும் நேரில் வந்தார்கள், 26 பேர். ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும், கோட்டைகளை இடிக்க வேண்டும், மீறினால் 50,000 வெள்ளி பிணைத்தொகை போய்விடும். அதோடு விடவில்லை. டன்லப், ஸ்வெட்டன்ஹாம், பிக்கரிங் மூவரையும், இரு தரப்பிலிருந்தும் சுங் கெங் குயீ, சின் ஆ யாம் இருவரையும் சேர்த்துக் குழு அமைத்து லாருட்டுக்கே அனுப்பினார். அவர்கள் காட்டில் இறங்கி மரக்கோட்டைகளை இடித்தார்கள், கடத்தப்பட்ட பெண்களைத் தேடி மீட்டார்கள், எந்தச் சுரங்கம் யாருக்கு என்று எல்லை பிரித்தார்கள். தைப்பிங் ஒரு பக்கத்துக்கு, கமுண்டிங் இன்னொரு பக்கத்துக்கு. நான் வேலை பார்த்த சாலைகள் அந்த எல்லைக்குக் குறுக்கேதான் போகின்றன. பழைய மாதிரியான போர் மறுபடி வரவில்லை.

இடிந்தது மலாய் பக்கம். அரியணையில் உட்கார்ந்திருந்த இஸ்மாயில் பங்கோருக்கு வரவே இல்லை. ஆற்றின் மேற்பகுதித் தலைவர்களும் வரவில்லை. தானும் வாரிசு என்று சொன்ன ராஜா யூசுப்பை அழைக்கவே இல்லை. வராத இஸ்மாயிலுக்குச் சுல்தான் முடா என்ற பட்டமும் ஓய்வூதியமும் எழுதி வைத்துவிட்டு அப்துல்லாவைச் சுல்தான் என்று அறிவித்தார்கள். ஆறாம் பிரிவில், மலாய் மதமும் வழக்கமும் தவிர எல்லா விஷயத்திலும் ரெசிடென்ட்டின், அதாவது அங்கே தங்கும் பிரிட்டிஷ் அதிகாரியின், ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும் என்றிருந்தது. பத்தாம் பிரிவு வரிவசூலையும் நிர்வாகத்தையும் அவருடைய ஆலோசனையின் கீழ் கொண்டுவந்தது. ஆற்றில் போகிற சரக்குக்கு வரி வாங்கிப் பிழைத்தவர்கள் அந்தத் தலைவர்கள். அவர்கள் சோற்றில் கை வைக்கிற பிரிவு, அவர்கள் இல்லாத கப்பலில் எழுதப்பட்டது.

பெர்முடாவில் பாறையைச் சோதித்துப் பார்த்த அதே துறைத் தலைவர் இங்கே சோதித்தே பார்க்கவில்லை. விக்டோரியாவில் வெள்ளைக் குடியேறிகளிடம் கருத்துக் கேட்டவர், பேராக்கின் பெருந்தலைவர்களிடம் கேட்க இன்னும் ஒரு மாதம் பொறுத்திருக்கலாம். எனக்கு அவர் மேல் உள்ள கோபம் முழுவதும் அந்த அவசரத்தின் மேல்தான்.

கிள்ளான்_ஆசிரியை

ஐயா, உங்கள் விளக்கம் தெளிவாக இருக்கிறது, ஆனால் ஒரு மறுப்பு. ஒப்பந்தத்துக்குப் பிறகு 1875இல் பேராக்கில் வெடித்த கலவரத்தைக் கிளார்க் கணக்கில் எழுதுவது முழு நியாயமா? 1875 மே மாதம் அவர் கிளம்பிவிட்டார். பின்னால் வந்த ஜெர்வாய்ஸ்தான் ஆலோசனை சொல்லும் முறையே போதாது, பிரிட்டிஷ் அதிகாரிகளே சுல்தான் பெயரில் நேரடியாக ஆளட்டும் என்று அப்துல்லாவை நெருக்கிக் கையெழுத்து வாங்கினார். பேராக் ரெசிடென்ட் பர்ச் அதை அறிவிப்பாக ஒட்டப் போன இடத்தில்தான், நவம்பர் 2 அன்று பாசிர் சாலாக்கில் ஆற்றுக் குளியலறையில் குத்திக் கொன்றார்கள். கிளார்க் இருந்திருந்தால் அந்த அறிவிப்பே வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, அவர் எப்போதும் அவசரக்காரராக இருந்தார் என்றும் சொல்ல முடியாது. 1875இல் பாங்காக்கில் மன்னர் சுலாலோங்கோர்னுக்கும் இரண்டாம் மன்னருக்கும் மோதல் வந்தபோது நேரில் போய்ப் பேசித் தீர்த்துவைத்தார். அதிலே சயாமின் நிலத்தில் ஒரு பிடிகூடக் கேட்கவில்லை.

தைப்பிங்காரன்

டீச்சர், பாங்காக் விஷயத்தை நீங்கள் சொன்னது நல்லது. நான் சொல்வதற்கு அதுவும் பக்கபலம்தான். அங்கே தகராறுக்காரர்கள் இருந்த ஊருக்கே போனார், அது பலித்தது. லாருட்டில் இரு தரப்பையும் உட்காரவைத்தார், அதுவும் பலித்தது. பேராக் அரியணையில்தான் ஒரு தரப்பை மட்டும் வைத்து முடித்தார்.

ஜெர்வாய்ஸ் நெருப்பு வைத்தார் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. கோட்டை கட்டுவதில் பேர் வாங்கியவர், எதையும் இறுக்கிப் பிடிக்கிற ஆள். ஆனால் பர்ச்சை 1874 நவம்பரில் பேராக்குக்கு ரெசிடென்ட்டாகப் போட்டது கிளார்க். பர்ச் முன்பு இலங்கையில் பல வருடம் வேலை பார்த்தவர், உழைப்பாளி, நேர்மையான ஆள் என்றும் சொல்வார்கள். மலாய் மொழி சரியாக வராது. பொறுமை அதைவிடக் குறைவு. கடனடிமைகள் தப்பி வந்தால் அடைக்கலம் கொடுத்தார். அது மனிதத்தன்மை, அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரி, அடிமை, அதிகாரம் மூன்றிலும் ஒரே வருடத்தில் கை வைத்தார். கிளார்க் எழுதிக் கொடுத்த பத்தாம் பிரிவு இல்லாமல் அவரால் அதைத் தொடங்கியிருக்கவே முடியாது.

அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று பாருங்கள். இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் படை வந்தது. பர்ச் கொலைக்காகப் பாசிர் சாலாக் தலைவர் மகாராஜா லேலா 1877 ஜனவரியில் தூக்கில் போடப்பட்டார். கிளார்க் சுல்தான் ஆக்கிய அதே அப்துல்லாவை அதே வருடம் சேஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தினார்கள். இஸ்மாயிலையும் ஊரில் விடவில்லை. கடைசியில் பங்கோருக்கு அழைக்கப்படாத ராஜா யூசுப்தான் ஆட்சிக்கு வந்தார். ஹியூ லோ என்ற புதிய ரெசிடென்ட் 1877இல் வந்து, தலைவர்களுக்கு வருமானத்தில் பங்கும் மன்றத்தில் இடமும் கொடுத்த பிறகுதான் அந்த முறை நிலைத்தது. அதாவது 1874இல் கேட்டிருக்க வேண்டியவர்களை, இத்தனை உயிர் போன பிறகு கேட்டார்கள்.

செம்பவாங்_வாசகி

ஐயா, டீச்சர், தம்பி, மூவருக்கும் நன்றி. இப்போதுதான் பேச ஒரு பிடி கிடைத்தது. நம் ஆட்களோடு தொடர்பு என்ற கேள்வி மட்டும் பாக்கி. அதோடு, சிங்கப்பூரை விட்டுப் போனபின் அவர் என்ன ஆனார்?

தைப்பிங்காரன்

இரண்டும் ஒரே பதில்தான் மா. சிங்கப்பூரிலிருந்து அவர் நேராகப் போனது கல்கத்தாவுக்கு. 1875 முதல் 1880 வரை வைஸ்ராய் மன்றத்தில் பொதுப்பணி உறுப்பினர். அந்தக் காலம் எது என்று பாருங்கள், 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். சேலம், கோயம்புத்தூர், வட ஆற்காடு என்று நம் முன்னோர் செத்து விழுந்த பஞ்சம். சென்னையில் பஞ்ச நிவாரணக் கூலிகள் தோண்டிய பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி, அடையாற்றையும் கூவத்தையும் இணைப்பது, அந்த வருடங்களில் வந்ததுதான். நிவாரண வேலைக்கான கூலியை ஒரு ராத்தல் தானியம் என்ற அளவுக்கு வெட்டியவர் ரிச்சர்ட் டெம்பிள், கிளார்க் அல்ல. அந்தப் பழியை இவர் மேல் போடாதீர்கள். ஆனால் தண்ணீருக்கும் கால்வாய்க்கும் பணம் ஒதுக்குகிற துறையின் தலைமை நாற்காலியில் அப்போது உட்கார்ந்திருந்தவர் இவர் என்பதைச் சொல்லுங்கள்.

ஒரு பக்கம் அந்தப் பஞ்சம். இன்னொரு பக்கம் பங்கோருக்குப் பிறகு திறந்துவிடப்பட்ட பேராக், சிலாங்கூர், சுங்கை ஊஜோங். அங்கே சாலை போட, ரயில் பாதை போட, தோட்டம் போட ஆள் வேண்டும். நம் ஆட்கள் பினாங்குக்கு எதிரே செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு அதற்கு முன்பே வந்துகொண்டுதான் இருந்தார்கள். மலாய் நாடுகளுக்குள்ளே வர வழி இந்த வருடங்களில்தான் அகலமானது. மலாயாவின் முதல் ரயில் பாதை, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, 1885இல் திறந்தார்கள். அதைப் போட வந்தவர்கள் இலங்கைப் பயனியர் படையினர். தைப்பிங் பக்கத்து நம் குடும்பங்கள் பலவற்றின் கதை அந்தத் தண்டவாளத்தில்தான் தொடங்குகிறது. கிளார்க் இதைத் திட்டமிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கையெழுத்து இல்லாமல் இதெல்லாம் அந்த வேகத்தில் நடந்திருக்காது.

அப்புறம் 1881இல் சாத்தம் ராணுவப் பொறியியல் பள்ளிக்குத் தலைவர், 1882 முதல் 1886 வரை பிரிட்டிஷ் கோட்டைகள் அனைத்துக்கும் தலைமை ஆய்வாளர். நாடாளுமன்றத்துக்கு நின்று தோற்றார். முதுமையில் விக்டோரியாவின் பிரதிநிதியாக லண்டனில் இருந்தார். 1902இல் இறந்தார். பங்கோரில் அவர் செலவழித்தது சில நாட்கள்தான். கப்பல்துறைகளுக்குக் கொடுத்ததோ ஒன்பது வருடம். பள்ளிப் புத்தகத்தில் பங்கோர்தான் இருக்கிறது.

முடிந்தால் பேச்சுக்கு முன் ஒரு வார இறுதியில் இந்தப் பக்கம் வாருங்கள். மாத்தாங்கில் லாருட் மந்திரி ஙா இப்ராஹிமின் கோட்டை அருங்காட்சியகமாக இருக்கிறது. பாசிர் சாலாக்கிலும் நினைவு வளாகம் உண்டு. ஈப்போவில் பர்ச்சின் பெயரில் 1909இல் எழுப்பிய மணிக்கூண்டு நிற்கிறது. முதலில் பாசிர் சாலாக் போய்விட்டு அதற்குப் பிறகு மணிக்கூண்டைப் பாருங்கள்.

பினாங்குத்தம்பி

அக்கா, பாசிர் சாலாக்குக்குப் பேருந்தை நம்ப வேண்டாம். ஈப்போவிலிருந்து கார் எடுத்தால் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம். தேதி முடிவானால் இங்கே போடுங்கள், நானும் வருகிறேன்.